சிறையில் ஏறிய கொடி

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து, பெரியவர்கள் சந்தாக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அன்பர் ஒருவரின் மகன் நம் அருகில் வந்து அமர்ந்தான். எட்டாம் வகுப்பில் பயில்பவன். எலப்புள்ளியில் பிறந்து, மலையாளத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகளுள் ஒருவன். அவன் கையில் ஒரு கற்பனைக் கதைநூல் இருந்தது. மந்திரவாதிகளும் சிறகு முளைத்த நாகங்களும் உலவும் ஏதோ ஓர் உலகம். அவ்வுலகத்தில் கடலின் நடுவே ஒரு பாறை. பாறையின்மேல் ஒரு சிறைச்சாலை. பல நாட்டு மன்னர்களும் தங்களுக்கு வேண்டாதவர்களையெல்லாம் அங்கே கொண்டுபோய் அடைக்கின்றனர். ஒருநாள் கைதிகள் காவலரை வென்று, கதவைச் சாத்திக்கொண்டு, "இனி இது சிறையன்று, எங்கள் நாடு" என்று முழங்குகின்றனர். அதன்பின் எந்த மன்னனாலும் அப்பாறையை நெருங்க முடியவில்லை. கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "மாமா, இந்த மாதிரி நெசமாவே எங்கயாச்சும் நடந்திருக்குதுங்களா?" என்று கேட்டான்.

கேள்வி நல்ல கேள்வி. அன்று மாலை நாம் அவனுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமின்றி விட்டதையும் சேர்த்து இம்மாதப் பகுதியாக எழுத முற்பட்டோம்.

கோட்டை சிறையான கதைகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கோட்டையையே எடுத்துக்கொள்ளலாம். சந்தைக்கும் அலுவலகங்களுக்கும் போகும்போதெல்லாம் நாம் கடந்து செல்லும் கோட்டைதான் அது. 1766 ஆம் ஆண்டில் ஹைதர் அலி எழுப்பிய அக்கோட்டை, கைமாறிக் கைமாறி, 1790 இல் முடிவாகக் கம்பெனியாரின் கையில் விழுந்தது. மதில்களுக்குப் போர் இல்லாமற் போன பிறகு அதனுள்ளே ஒரு கிளைச்சிறை நெடுங்காலம் இருந்துவந்தது. அண்மையில்தான் அதனை மலம்புழைப் பக்கம் மாற்றினார்கள். அரசன் போய்விட்டால் அவன் கோட்டையில் கைதியை வைப்பது எங்கும் உள்ள வழக்கம். மதில் இருக்கிறது, அகழி இருக்கிறது, வாயில் ஒன்றே இருக்கிறது. சிறைக்கு வேறென்ன வேண்டும்?

பையன் கேட்டதோ இதற்கு நேர்மாறானது. சிறை கோட்டையாக வேண்டும்; உள்ளே அடைபட்டவன் அரசனாக வேண்டும். அப்படி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1806 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10 ஆம் நாள், வேலூர்க் கோட்டையில்.

வேலூர் நம் அன்பர்களுக்குப் புதிய ஊரன்று. பாலக்காட்டில் இரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, அங்குள்ள பெரிய மருத்துவமனைக்கு நோயாளிகளை அழைத்துச் சென்றவர்கள் நம்மில் பல குடும்பத்தார். சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பகற்பொழுதில், மனம் ஒரு நிலையில் நில்லாமல், நடந்து போய்க் கோட்டையின் அகழிக்கரையில் உட்கார்ந்தவர்களும் உண்டு. நாமும் சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருடன் போயிருந்தபோது அவ்வாறே உட்கார்ந்தோம். கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிய மதில். அதன் நிழல் விழும் பச்சை நீர். உள்ளே சலகண்டேசுவரர் கோயிலின் கோபுரம். 133 ஏக்கர் பரப்பில் அமைந்த அக்கோட்டைக்குள் கோயிலும், பள்ளிவாசலும், மாதாகோயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கோயிலில் பல நூற்றாண்டுகள் மூலவர் இல்லாமலே இருந்து, 1981 இல்தான் மீண்டும் இலிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது தனிக் கதை. அதை இன்னொரு மாதம் எழுதுவோம்.

விசயநகரத்தாருக்குக் கீழ்ப்பட்ட நாயக்கர் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், எழுந்த கோட்டை அது. பீசப்பூர்ச் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபு எனப் பலர் கைக்குச் சென்று, பின் கம்பெனியாரிடம் வந்தது. இங்கே ஒரு செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 1780 முதல் 1782 வரை ஹைதர் அலியின் படை இக்கோட்டையை முற்றுகையிட்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் பட்டினியின் விளிம்பு வரை சென்றார்கள். ஆயினும் கோட்டை விழவில்லை. பாலக்காட்டில் மதில் எழுப்பிய ஹைதர், வேலூர் மதிலை மட்டும் தாண்ட முடியாமல், 1782 இலேயே மாண்டார்.

தாத்தா நுழைய முடியாத கோட்டைக்குள் பேரர்கள் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் நுழைந்தார்கள், கைதிகளாக. 1799 மே 4 ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் போர்க்களத்திலே உயிர் துறந்தபின், அவருடைய பிள்ளைகளைக் கம்பெனியார் வேலூருக்குக் கொண்டுவந்தனர். குடும்பத்துப் பெண்கள் பின்னர் வந்து சேர்ந்தனர். உள்ளே இருந்த மாளிகைகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவை ஹைதர் மகால், திப்பு மகால் என்று இன்றும் வழங்கப்படுகின்றன.

அந்தச் சிறை இரும்புக் கம்பியும் களி உருண்டையும் உள்ள சிறையன்று. இளவரசர்களுக்கு நிறைந்த உபகாரச் சம்பளம் இருந்தது, ஏவலர் இருந்தனர், மைசூரிலிருந்து அவர்களைப் பின்தொடர்ந்து வந்தோர் ஆயிரக்கணக்கில் ஊரைச் சுற்றிக் குடியேறியிருந்தனர். திருமணங்கள் நடந்தன, விருந்துகள் நடந்தன. பணத்தையும் பாதுகாப்பையும் கவனிக்க மாரியட் என்னும் வெள்ளை அதிகாரி ஒருவர் இருந்தார். எல்லாம் இருந்தும், மதிலுக்கு வெளியே தம் விருப்பப்படி கால் வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. பட்டு விரித்த சிறையும் சிறையே.

அந்தச் சிறைக்குக் காவல் யார்? இங்கேதான் கதை நமக்கு நெருங்கி வருகிறது. கோட்டையில் வெள்ளையர் படை 69 ஆம் பிரிவைச் சேர்ந்த நான்கு கம்பெனிகள் மட்டுமே. ஏறத்தாழ முந்நூற்றெழுபது, எண்பது பேர். மற்றவர்கள் மூன்று பட்டாளங்களைச் சேர்ந்த சுமார் ஆயிரத்தைந்நூறு சிப்பாய்கள். தமிழர், தெலுங்கர், இந்துக்கள், முஸ்லிம்கள். பஞ்சத்துக்கும் பாளையக்காரப் போர்களுக்கும் பிறகு, மாதம் தவறாமல் கையில் விழும் சம்பளத்தை நம்பிச் சிவப்புச் சட்டை போட்டவர்கள். ஊரைவிட்டுப் பிழைப்புக்காக வந்தவர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம். மனைவி மக்களுடன் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் வாழ்ந்தனர். முறை வரும்போது உள்ளே வந்து காவல் நின்றனர். சம்பளத்துக்காக ஒரு சிறையைக் காத்தவர்களே அச்சிறையைத் திறந்தார்கள் என்பதுதான் வேலூரின் தனித்தன்மை. நம் பையனின் கதையில் கைதிகள் எழுந்தனர். வேலூரில் காவலர் எழுந்தனர்.

அவர்கள் எழுந்த காரணத்தைப் பள்ளிப் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன: "தலைப்பாகை". சற்று விரித்துச் சொல்லவேண்டிய விஷயம் இது. 1805 நவம்பரில் சென்னைப் படைக்கு ஒரு புதுத் தலைப்பாகை கட்டளையாயிற்று. பார்வைக்கு வெள்ளையரின் தொப்பி போன்றது. முன்புறம் தோலால் ஆன ஒரு குஞ்சம். 1806 மார்ச்சில் மற்றொரு கட்டளை: அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. படைத் தலைவர் சர் ஜான் கிராடக். சென்னைக் கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. கட்டளைகளை வகுத்தவர்களுள் முக்கியமானவர் படைத் தலைமை அலுவலர் அக்னியூ. சீருடையை ஒழுங்குபடுத்துகிறோம் என்றே அவர்கள் எண்ணினர். சிப்பாயின் கண்ணுக்கோ அது வேறாகத் தெரிந்தது. "தொப்பிக்காரன்" என்றால் அந்நாளில் வெள்ளைக்காரன் என்று பொருள். தொப்பி வைத்தவன் கையால் உறவினர் தண்ணீர் குடிப்பார்களா? அவன் மகனுக்குப் பெண் கொடுப்பார்களா? திருநீற்றை அழித்துத் தோலைத் தலையில் ஏற்றியபின் மிச்சம் என்ன இருக்கிறது? அடுத்தபடி மதத்தையே மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சும் எழுந்தது.

வெளியூரில் பிழைக்கப் போனவனுக்கு உழைப்பை விற்பதில் வெட்கமில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது தன்னைத் தன்னவர்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று அவன் விரும்புகிறான். அந்த விருப்பத்தில் கை வைத்ததைத்தான் சென்னைத் துரைமார்கள் அறிந்துகொள்ளவில்லை.

1806 மே மாதத்தில், அப்போது வேலூரில் இருந்த ஒரு பட்டாளம் புதுத் தலைப்பாகையை அணிய மறுத்தது. இருபத்தொருவரைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தனர். ஒரு முஸ்லிம், ஓர் இந்து ஆகிய இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையினின்றும் நீக்கினர். மற்றப் பத்தொன்பது பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினர். பட்டாளத்தையும் மாற்றினர். காரியம் முடிந்தது என்று மேலிடம் நினைத்தது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் தன் மேலதிகாரியிடம் சென்று, சதி ஒன்று உருவாகிறது என்று எச்சரித்தான். அதை ஆராயும் பொறுப்பு அவன் குற்றஞ்சாட்டிய இந்திய அலுவலர்களிடமே ஒப்படைக்கப்பட்டது! அவர்கள் கூடி, "இவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது" என்று தீர்ப்பளித்தனர். முஸ்தபா பேக் காவலில் அடைபட்டான். காரியம் நடந்து முடிந்த பிறகே அவனுக்குப் பரிசு வந்தது.

ஜூலை 9 ஆம் நாள் கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். மறுநாள் விடியற்காலையில் ஒரு பட்டாளத்துக்குப் பயிற்சி அணிவகுப்பு. அதற்காகச் சிப்பாய்கள் பலர் வழக்கம்போல் குடிசைக்குப் போகாமல் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே படுத்திருந்தனர். பின்னிரவு இரண்டு, மூன்று மணி அளவில் முதல் துப்பாக்கி வெடித்தது. வெள்ளைக் காவலர்கள் சுடப்பட்டனர். வெள்ளைப் படையினர் உறங்கிய கொட்டடியின் சன்னல்கள் வழியாகக் குண்டுமழை பொழிந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த கோட்டைத் தளபதி பேன்கோர்ட் குண்டடிபட்டு மாண்டார். அந்தக் காலைக்குள் அதிகாரிகள் பதினால்வரும், 69 ஆம் பிரிவினர் 115 பேரும் கொல்லப்பட்டனர் என்பது கணக்கு. உறங்கியவர்களைச் சுட்டதையும், நோயுற்றுக் கிடந்தவர்களைக் கொன்றதையும் நாம் வீரம் என்று எழுதப் போவதில்லை. நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

விடிந்தது. கோட்டையின் கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. ஹைதர் முற்றுகையிட்டும் ஏற்ற முடியாத கொடி அது. திப்புவின் மூத்த மகன் பத்தே ஹைதர் அரசர் என்று சிப்பாய்கள் முழங்கினர். சிறை இப்பொழுது தனியரசின் கோட்டை. உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள், பீரங்கி, மருந்துக் கிடங்கு, சுற்றிலும் கல்மதில், மதிலைச் சுற்றி அகழி. அகழியில் முன்பு முதலைகள் விடப்பட்டிருந்தன என்றும் சொல்வார்கள். பையனின் கதையில் வரும் பாறைக்கு இவ்வளவு வசதி இல்லை.

ஆயினும் இந்தத் தனியரசின் ஆயுள் ஏறத்தாழ எட்டு மணி நேரம்.

காரணம் என்ன? அகழிக்கரையில் உட்கார்ந்திருந்தபோதும், பிறகு நூல்களைப் புரட்டியபோதும் நாம் தேடியது இதைத்தான். முதற் காரணம் எல்லோரும் சொல்வது: அரசர் வெளியே வரவில்லை. அரண்மனை வாயிலில் நின்று அழைத்தார்கள். இளவரசர் எவரும் இறங்கி வந்து தலைமை ஏற்கவில்லை. இதற்காக அவர்களைக் கோழைகள் என்று எழுதியவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லத் துணியவில்லை. ஏழாண்டுகள் அடைபட்டவர், தாயும் தங்கைகளும் சின்னஞ்சிறு தம்பிமாரும் அதே சுவருக்குள். தந்தையின் தலைநகர் எப்படி அழிந்தது என்பதைக் கண்ணால் கண்டவர். அப்துல் காலிக், முயிசுதீன் என்னும் இருவரோ பிள்ளைப் பருவத்திலேயே, 1792 உடன்படிக்கைக்காகக் காரன்வாலிஸ் பிரபுவிடம் பிணையாகக் கொடுக்கப்பட்டுச் சென்னையில் இருந்தவர்கள். கதவு திறந்ததும் வெளியே பாய்வதற்கு நெடுநாள் கைதியின் கால்கள் பழகியிருப்பதில்லை. ஜமேதார் ஷேக் காசிம் போன்றோர் தலைமை தாங்கி ஏற்பாடு செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஓர் அரசருக்காக எழுந்தவர்கள்; அரசர் வராதபோது தாங்களே அரசு என்று நினைக்கும் துணிவு அவர்களுக்கு வரவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் சிறியது. ஆனால் நம்மை அதிகம் வருத்தியது. வாயிலைச் சாத்தவில்லை!

ஹைதரின் படையை வெளியே நிறுத்திய அதே வாயில்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல கதவுகள், அகழிமேல் தூக்குப்பாலம். அன்று காலை வெளிக்கதவுகள் திறந்தே கிடந்தன. உள்ளே சிலர் கருவூலத்தையும் துரைமார் வீடுகளையும் சூறையாடினர். கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு பலர் கோட்டையை விட்டே போய்விட்டனர். இதற்குப் பேராசை என்று பெயர் வைத்து முடித்துவிடுவது எளிது. எங்கே போனார்கள் என்று கேட்டுப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. அவர்களுடைய மனைவியும் குழந்தையும் இருந்தது மதிலுக்கு வெளியே. வெடிச்சத்தம் கேட்டு நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் குடிசைகளுக்குச் செல்லும் வழியும் அந்த வாயில்தான். உள்ளே இருப்பவனின் வீடு வெளியே இருக்கும்போது கதவை எவன் சாத்துவான்? இஃது நம் கருத்தேயன்றி எந்த ஆவணமும் சொன்னதன்று. ஆனால் வேலை செய்யும் இடம் ஒன்று, மனம் இருக்கும் இடம் வேறொன்று என்று வாழ்ந்து பழகிய நம் அன்பர்கள் இதனை ஒத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

பதினாறு மைல் தூரத்தில் ஆர்க்காடு. கோட்டைக்கு வெளியே இரவு தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் என்பவர் அங்கே ஆள் அனுப்பினார். குதிரைப்படைத் தலைவர் கில்லெஸ்பி செய்தி கிடைத்தவுடன் ஒரு சிறு பிரிவுடன் முன்னே பாய்ந்து, காலை ஒன்பது மணி அளவில் வேலூரை அடைந்தார். இழுத்துச் செல்லும் சிறு பீரங்கிகளும் மற்றக் குதிரைவீரரும் பின்னால் வந்துகொண்டிருந்தனர். அப்போது மதிலின் ஒரு மூலையில் வெள்ளைப் படையினர் சுமார் அறுபது பேர், குண்டும் மருந்தும் தீர்ந்த நிலையில், இரண்டு உதவி மருத்துவர்கள் தலைமையில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தனர். திறந்து கிடந்த வெளிக்கதவுகளைக் கடந்து வந்த கில்லெஸ்பி, உள்வாயில் அடைபட்டிருந்ததால், மேலேயிருந்து விட்ட கயிற்றைப் பிடித்து மதிலேறி அவர்களுடன் சேர்ந்தார். பீரங்கிகள் வந்தன, உள்கதவு தகர்ந்தது, குதிரைப்படை பாய்ந்தது. வந்த குதிரைப்படையில் வெள்ளையர் மட்டுமல்லர், சென்னைப் படையின் இந்தியக் குதிரைவீரரும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

பிறகு நடந்தது போரன்று. அரண்மனைப் பக்கம் ஒதுங்கிய சிப்பாய்கள் நூறு பேர் அளவில் வெளியே இழுக்கப்பட்டு, பந்தாடும் திடல் ஒன்றின் சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டனர். கதவைத் தகர்த்த பொறியாளர் பிளாக்கிஸ்டன் தம் நினைவு நூலில் இதனை எழுதிவைத்திருக்கிறார். விசாரணை இல்லை, பெயர் கேட்கவில்லை. அந்த ஒரு காலையில் மாண்ட சிப்பாய்கள் முந்நூற்றைம்பது பேர் என்பது குறைந்த மதிப்பீடு. எண்ணூறுக்கு மேல் என்போரும் உளர். பின்னர் நடந்த விசாரணையில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தனர், ஐவரைச் சுட்டனர், எண்மரைத் தூக்கிலிட்டனர், ஐவரை நாடு கடத்தினர். மூன்று பட்டாளங்களின் பெயரும் படைப்பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன. புதுத் தலைப்பாகைக் கட்டளையும் திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கையும் பெண்டிங்கையும் கம்பெனியார் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டனர். பெண்டிங்க் 1828 இல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மேலிடத்துத் தண்டனை அவ்வளவுதான்.

இதனை முதற் சுதந்திரப் போர் என்று சொல்ல வேண்டுமா, கலகம் என்று சொல்ல வேண்டுமா என்ற வழக்கு இன்றும் நடக்கிறது. 1857 க்கு ஐம்பத்தோராண்டு முந்தியது என்பதில் ஐயமில்லை. இருநூறாவது ஆண்டான 2006 இல் இந்திய அஞ்சல் துறை ஒரு தலை வெளியிட்டது. பெயர் வைப்பதைப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம்.

இதுவரை கேட்ட பையன் முகம் வாடிப்போயிற்று. அவன் கதையில் வெற்றி அல்லவா! ஆகவே அவனுக்கு மற்றொன்றையும் சொன்னோம். வேலூருக்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1801 பிப்ரவரி 2 ஆம் நாள், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் உடனிருந்தோரும் தப்பினர். கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டபின் அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். அடைபட்ட இடத்தில் அவர்கள் கொடியேற்றவில்லை. நேரே பாஞ்சாலங்குறிச்சிக்குச் சென்றனர். அங்கே கோட்டை இல்லை. கம்பெனியார் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தனர். சுற்றுப்புற ஊரார் கூடி மண்ணைக் குழைத்துச் சில நாட்களிலேயே மதிலை மீண்டும் எழுப்பினர். திரும்பி வந்து பார்த்த வெள்ளைப் படையினர் தம் கண்களை நம்பவில்லை. மார்ச் 31 ஆம் நாள் நடந்த தாக்குதலில் அந்த மண்மதில் அவர்களைப் பின்வாங்கச் செய்தது. மே 24 ஆம் நாள்தான் அது வீழ்ந்தது. கல்லால் ஆன வேலூர் ஒரு காலைப்பொழுது. மண்ணால் ஆன பாஞ்சாலங்குறிச்சி மூன்றரை மாதத்துக்கு மேல். கட்டியவர்களின் வீடும் பெண்டு பிள்ளைகளும் அந்த மண்ணிலேயே இருந்தனர்.

பாஞ்சாலங்குறிச்சியை அம்முறை வீழ்த்திய படைத்தலைவர் யார் தெரியுமா? அதே அக்னியூ. பின்னர்ச் சென்னையில் அமர்ந்து தலைப்பாகைக்கு அளவு குறித்தவர்.

வேலூர்க் கோட்டையோ மறுபடி சிறையாயிற்று. திப்புவின் குடும்பத்தாரைக் கம்பெனியார் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர். அவர்களுள் இளையவரான குலாம் முகம்மது 1842 இல் தந்தையின் பெயரால் அந்நகரின் தர்மதலைப் பகுதியில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. காலியான வேலூருக்கு 1816 இல் வேறொரு கைதி வந்தார்: கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட, நாயக்கர் வழிவந்த அவர், பதினாறு ஆண்டுகள் அங்கேயே இருந்து 1832 இல் காலமானார். பாலாற்றங்கரையில் அவர் நினைவிடம் முத்து மண்டபம் என்ற பெயருடன் நிற்கிறது. அவருக்காக எந்தச் சிப்பாயும் கொடியேற்றவில்லை. 1806 க்குப் பின் காவல் முறைகளைக் கம்பெனியார் நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள் போலும்.

எல்லாம் கேட்டு முடித்த பையன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கதவச் சாத்தியிருந்தா செயிச்சிருப்பாங்களா மாமா?" என்றான். சில நாட்கள் நின்றிருக்கும் என்றோம். ஹைதரையே இரண்டாண்டுகள் வெளியே நிறுத்திய மதில் அல்லவா! அந்தச் சில நாட்களில் மற்ற ஊர்ப் பட்டாளங்களும் எழுந்திருக்கலாம், எழாமலும் போயிருக்கலாம். ஐதராபாத்து முதலிய இடங்களிலும் அதே தலைப்பாகைக்காக அதே மனக்குமுறல் இருந்தது. அதற்குமேல் எதுவும் சொல்ல நமக்கு உரிமையில்லை. "அப்ப அந்தக் குடிசைல இருந்தவங்க?" என்று அடுத்த கேள்வியைப் போட்டான். அதற்குள் அவன் தாயார் வந்து, கடைசிப் பேருந்து போய்விடும் என்று அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வேலூருக்கு அழைத்துச் செல்லலாமா என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. இரவு வண்டியில் புறப்பட்டால் விடியற்காலையில் காட்பாடி. அங்கிருந்து கோட்டைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கோயிலையும் மகால்களையும் மதிலையும் நடந்தே பார்த்துவிடலாம். வாயிலில் நுழையும்போது பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, அது எத்தனை வளைவு வளைந்து உள்ளே போகிறது என்பதைக் காட்ட வேண்டும். வர விரும்பும் குடும்பத்தார் அடுத்த கூட்டத்தில் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அந்தப் பையனின் பெயர் பட்டியலில் முதலாவதாக ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.